சின்ன நெட்வொர்க்கில் வாங்கும் கிளிக் தேறுமா, தேறாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிக்குக்குக் காசு கொடுக்கும் விளம்பரத்தை மூன்றெழுத்துச் சுருக்கத்தில் பிபிசி என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் லண்டன் செய்திதான் நினைவுக்கு வருகிறது. அதனால் இங்கே ‘கிளிக் விளம்பரம்’ என்றே எழுதுகிறேன்.

சொந்த வெப்சைட்டில் துணி, மசாலா, டியூஷன் என்று விற்கும் சிறு வியாபாரிகளுக்கு விளம்பரக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. கூகுளில் செலவு ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் சின்ன விளம்பர நெட்வொர்க் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு எனக்கு போன் செய்வார். கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

சின்ன நெட்வொர்க்னு எதைச் சொல்றீங்க?

கூகுள், மைக்ரோசாஃப்ட், மெட்டா, அமேசான் தவிர மற்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடல் முடிவுகளை வாங்கி விற்பவை, செய்தித் தளங்களின் அடியில் ‘நீங்கள் விரும்பக்கூடியவை’ என்று பெட்டி போடுபவை, மொபைல் ஆப்புக்குள் விளம்பரம் காட்டுபவை என்று பல ரகம் உண்டு. இந்தத் தொழில் பிறந்ததே ஒரு சின்னக் கம்பெனியில்தான். 1998-ல் கோடூ டாட் காம் தேடல் சொற்களை ஏலம் விட்டு, கிளிக்குக்கு மட்டும் காசு வாங்க ஆரம்பித்தது. 2001-ல் ஓவர்ச்சர் என்று பெயர் மாறிய அதை 2003-ல் யாஹூ வாங்கிவிட்டது. கூகுளின் ஆட்வேர்ட்ஸ் 2000-ல் வந்தாலும், கிளிக் ஏலத்துக்கு அது மாறியது 2002-ல்தான். ஃபைண்ட்வாட், கனூடுல், லுக்ஸ்மார்ட் என்று ஒரு வரிசையே அந்தக் காலத்தில் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பெரும்பாலான சின்ன நெட்வொர்க்குகளுக்குச் சொந்தக் கூட்டம் கிடையாது. நூற்றுக்கணக்கான சின்னத் தளங்களிலிருந்தும் ஆப்களிலிருந்தும் கிளிக்கை வாங்கி உங்களுக்கு விற்கின்றன. ஒரு நெட்வொர்க் இன்னொரு நெட்வொர்க்கிடம் வாங்குவதும் உண்டு. பால் சொசைட்டியில் ஊர்ப் பால் எல்லாம் ஒரே கேனுக்குள் போகும். ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் பாலிலும் லாக்டோமீட்டரை விட்டுப் பார்ப்பார்கள். இங்கே அந்தச் சோதனை பெரும்பாலும் நடப்பதில்லை, கலந்த கேன்தான் உங்கள் வாசலுக்கு வருகிறது.

கூகுள்ல ஒரு கிளிக் நாற்பது ரூபாய், இங்க அஞ்சு ரூபாய். இதுல யோசிக்க என்ன இருக்கு?

கிளிக் விலையை விடுங்கள், ஆர்டர் விலையைப் பாருங்கள். கூகுளில் 100 கிளிக்குக்கு 2 ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 ரூபாய் வீதம் 50 கிளிக், அதாவது ஓர் ஆர்டருக்கு 2,000 ரூபாய். அஞ்சு ரூபாய்க் கிளிக்கில் அதே கணக்கு வர 400 கிளிக்குக்குள் ஓர் ஆர்டர் விழ வேண்டும். 500 கிளிக் ஆகிவிட்டால் ‘மலிவான’ நெட்வொர்க்கில் ஓர் ஆர்டருக்கு 2,500 ரூபாய் கொடுத்திருப்பீர்கள்.

நானூறுக்கு ஒன்று என்பது ரொம்பச் சுலபமான இலக்காகத் தெரியும். நல்ல சோர்ஸ், அதாவது கிளிக்கை அனுப்பும் தளமோ ஆப்போ, கிடைத்தால் சுலபம்தான். கிடைக்காவிட்டால் நாலாயிரத்துக்கும் ஒன்று விழாது. எந்தப் பக்கம் போகிறோம் என்பதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை கண்காணிப்பும்.

நெட்வொர்க் 500 கிளிக்னு பில் போடுது, அனலிட்டிக்ஸ்ல 340 தான் இருக்கு. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். அனலிட்டிக்ஸ் என்பது வருகையை எண்ணுவதற்காகப் பக்கம் திறந்த பிறகு ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், சின்னப் புரோகிராம். பக்கம் திறக்க ஆறு நொடி ஆனால், பாதிப் பேர் அது ஓடுவதற்குள் பின்னால் போயிருப்பார்கள். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் கணக்கில் வர மாட்டார்கள். ஒருவர் இரண்டு முறை கிளிக் செய்தால் பில்லில் இரண்டு, அனலிட்டிக்ஸில் ஒரே வருகை. அப்புறம் நேரம்: ரிப்போர்ட் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் இருந்தால் அவர்களுடைய நாள் நமக்குக் காலை 9:30-க்கோ, குளிர்காலமென்றால் 10:30-க்கோதான் தொடங்கும். இரண்டு வெவ்வேறு நாட்களை ஒப்பிட்டுவிட்டுச் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது சாட்சி ஒன்று இருக்கிறது: சர்வர் லாக். ஹோஸ்டிங் கம்பெனி கொடுக்கும் கன்ட்ரோல் பேனலிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பக்கத்தைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வரி பதிவாகும். லாகில் 490 இருந்து அனலிட்டிக்ஸில் 340 என்றால், உங்கள் பக்கம் மெதுவாகத் திறக்கிறது, அல்லது வந்ததில் ஒரு பகுதி, ஸ்கிரிப்ட் ஓட்டாத பாட் (ஆள் போல நடிக்கும் புரோகிராம்). லாகிலேயே 350 தான் இருந்தால், கிளிக் உங்கள் வாசலுக்கே வரவில்லை. அப்போது நெட்வொர்க்கைக் கேட்கலாம்.

ஒரு தடவை நானே அவசரப்பட்டு ஒரு நெட்வொர்க்குக்குக் காரமாக மெயில் எழுதிவிட்டேன். கடைசியில் பார்த்தால், பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நான் போட்டிருந்த ரீடைரக்ட், லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்த, எங்கிருந்து வந்தது என்று சொல்லும் குறிப்பையெல்லாம் உதறிவிட்டிருந்தது. கிளிக் எல்லாம் வந்துதான் இருந்தது, ‘நேரடி வருகை’ என்ற கணக்கில். மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் எழுதினேன்.

லிங்க்ல யூடிஎம் போட்டிருக்கேன், அது போதாதா?

ஆரம்பத்துக்குப் போதும். யூடிஎம் என்பது லிங்க்கின் கடைசியில் நாம் ஒட்டும் குறிப்பு. யூடிஎம்மில் உள்ள ‘யூ’, அர்ச்சின் என்ற பழைய அனலிட்டிக்ஸ் மென்பொருளைக் குறிக்கும். அந்தக் கம்பெனியை 2005-ல் கூகுள் வாங்கியது, குறியீடு மட்டும் பழைய பெயரோடு நிலைத்துவிட்டது. எந்த நெட்வொர்க், எந்தக் கேம்பெய்ன் என்பதை அது சொல்லும். ஒரே பெயரைப் பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே போடுங்கள்.

கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓர் அடையாள எண்ணைத் தாமாகவே ஒட்டிவிடும். சின்ன நெட்வொர்க்குகளில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். லிங்க்கில் அவர்கள் சொல்லும் மேக்ரோவை, அதாவது அடைப்புக்குறிக்குள் எழுதும் இடம்பிடிக்கும் சொல்லை, வைத்தால், கிளிக் விழும்போது அந்த இடத்தில் உண்மையான எண் வந்து உட்காரும். குறைந்தது இரண்டு வேண்டும்: கிளிக் ஐடி, சப்-ஐடி. விளம்பரத்தை ஓடவிட்டு முதல் பத்து வரிகளை லாகில் கண்ணால் பாருங்கள். எண்ணுக்குப் பதிலாக அடைப்புக்குறியோடு மேக்ரோவே அப்படியே வந்திருந்தால், தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சப்-ஐடி சப்-ஐடினு சொல்றீங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

எந்தத் தளத்திலிருந்து, எந்த ஆப்பிலிருந்து கிளிக் வந்தது என்பதற்கு நெட்வொர்க் வைத்திருக்கும் எண்தான் சப்-ஐடி. சிலர் சோர்ஸ் ஐடி என்பார்கள், சிலர் பப்ளிஷர் ஐடி என்பார்கள். தளத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எண்ணை மட்டும் தருவார்கள். நமக்கு அது போதும். பால் கேனுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுச் சொம்பையும் தனியாகப் பார்க்க இதுதான் ஒரே வழி.

ஒரு கணக்குப் போடுவோம். கிளிக் 6 ரூபாய், மொத்தம் 900 கிளிக், 9 ஆர்டர். செலவு 5,400 ரூபாய், ஓர் ஆர்டருக்கு 600. உங்கள் லாபம் ஆர்டருக்கு 400 தான் என்றால், ‘இந்த நெட்வொர்க் நஷ்டம்’ என்று மூடிவிடுவீர்கள். இப்போது சப்-ஐடி வாரியாகப் பிரியுங்கள். ஒரு சோர்ஸில் 300 கிளிக், 8 ஆர்டர். இன்னொன்றில் 400 கிளிக், ஒன்றுமே இல்லை. மீதி 200 கிளிக் சில்லறையாகப் பத்து சோர்ஸ்களில், 1 ஆர்டர். முதல் சோர்ஸில் ஓர் ஆர்டருக்கு 225 ரூபாய்தான் ஆகியிருக்கிறது. அங்கே காசு கொட்டிக் கிடக்கிறது, பக்கத்து 400 கிளிக் அதை மறைத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்த சின்ன நெட்வொர்க்குகளில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான்: ஒன்றிரண்டு நல்ல சோர்ஸ், நடுவில் கொஞ்சம் சுமார், பின்னால் நீளமாக ஒரு குப்பை வால். முழு நெட்வொர்க்குக்கும் நல்லது கெட்டது என்று பட்டம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

சப்-ஐடி தர மாட்டோம் என்று சொல்லும் நெட்வொர்க்கில் நான் பணம் போடுவதில்லை. தந்தாலும், குறிப்பிட்ட சப்-ஐடியைத் தடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ‘ரெஃபரரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமே’ என்று ஒருவர் கேட்டார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சொல்லும் முகவரிதான் ரெஃபரர். 2020-க்குப் பிறகு குரோம் பெரும்பாலும் டொமைன் பெயரை மட்டுமே அனுப்புகிறது, பக்கத்தின் முழு முகவரி வராது. நடுவில் ரீடைரக்ட் இருந்தால் அந்தப் பெயரும் நம்பத்தக்கதல்ல.

எத்தனை கிளிக் பார்த்துட்டு ஒரு சோர்ஸை வெட்டலாம்? நான் முப்பது பார்த்தாலே வெட்டிடுவேன்.

முப்பது ரொம்ப அவசரம். ஒரு சோர்ஸ் உண்மையிலேயே நூற்றுக்கு இரண்டு ஆர்டர் தரும் தரமுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில்கூட முதல் 30 கிளிக்கில் ஒரு ஆர்டரும் விழாமல் போக பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. 100 கிளிக்கில் ஒன்றும் விழாமல் போக 13 சதவீத வாய்ப்பு. 150-ஐ நெருங்கும்போதுதான் அது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்.

புள்ளியியலில் இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு: 3-ஐ நீங்கள் எதிர்பார்க்கும் விகிதத்தால் வகுங்கள். இரண்டு சதவீதம் என்றால் 3 வகுத்தல் 0.02, அதாவது 150 கிளிக். ஒரு சதவீதம் என்றால் 300. அத்தனை கிளிக்குக்கும் பூஜ்யம் என்றால் தைரியமாக வெட்டலாம். ஆனாலும் இதே அளவுகோலை இருபது சோர்ஸ்களுக்கு வைத்தால், அதில் ஒரு நல்ல சோர்ஸ் அதிர்ஷ்டக் குறைவால் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அது போனால் போகட்டும்.

150 கிளிக்குக்கு அத்தனை சோர்ஸிலும் காத்திருக்கப் பணம் இல்லை என்பவர்கள் ஆர்டருக்கு முந்தைய படிகளை எண்ணலாம்: கூடையில் போட்டார்களா, போன் பட்டனைத் தட்டினார்களா, டெலிவரி விவரம் பார்த்தார்களா. இவை ஆர்டரைவிட அடிக்கடி நடப்பதால் படம் சீக்கிரம் தெளியும். ஆனால் இவற்றை வைத்துச் சந்தேகப்படலாமே தவிர, ஒரு சோர்ஸ் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

வர்றது மனுஷனா, பாட்டானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லாகைத் திறந்து ஒரே சப்-ஐடியின் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எனக்கு மறக்காத ஒரு பட்டியல் உண்டு: அதிகாலை 3:12:04, 3:12:34, 3:13:04, 3:13:34. முப்பது நொடிக்கு ஒரு கிளிக், கடிகாரம் மாதிரி. ஒவ்வொரு வரியும் பக்கத்தை மட்டும் கேட்டிருந்தது. படம், ஸ்டைல் ஃபைல், லோகோ எதையும் கேட்கவில்லை. மனுஷனுடைய பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்தால் பின்னாலேயே பத்திருபது கோரிக்கைகள் வரிசையாக வரும். இது வாசலில் தலையை நீட்டிவிட்டு ஓடிய ஆள்.

இன்னும் சில அடையாளங்கள்: 24 மணி நேரமும் ஒரே அளவில் வருகை (மனுஷன் தூங்குவான், ராத்திரி இரண்டு மணிக்குப் பள்ளம் விழ வேண்டும்), எல்லோருக்கும் ஒரே பழைய பிரவுசர் பதிப்பு, ஒரே திரை அளவு, டேட்டா சென்டர் ஐபி (வீட்டு இணைப்போ மொபைலோ அல்லாமல், சர்வர் கூடத்தின் இணைய முகவரி). அமேசான் தன் கிளவுட் ஐபி பட்டியலை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளலாம். அமேசான் சர்வரில் உட்கார்ந்து யாரும் சுங்குடிச் சேலை வாங்குவதில்லை.

இதெல்லாம் சோம்பேறிப் பாட்டுகளைப் பிடிக்கும். கெட்டிக்காரப் பாட்டுகள் வேறு ரகம். 2016 டிசம்பரில் ஒயிட் ஆப்ஸ் என்ற நிறுவனம் அம்பலப்படுத்திய மெத்பாட் கும்பல், வாடகை சர்வர்களில் புரோகிராமை ஓட்டி மவுஸ் நகர்வது போலக்கூட நடித்தது. ஐபிகளை வீட்டு இணைய நிறுவனங்களின் பெயரில் பொய்யாகப் பதிந்து வைத்திருந்தது. அதன் தலைவன் அலெக்சாண்டர் ஷுகோவுக்கு 2021-ல் நியூயார்க்கில் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வீட்டு ஐபி என்பதாலும் நம்பிவிட முடியாது. 2011-ல் எஃப்பிஐ பிடித்த எஸ்டோனியக் கும்பல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில் வைரஸை இறக்கி, நிஜ மனிதர்களின் கிளிக்கையே வேறு பக்கம் திருப்பிவிட்டுச் சம்பாதித்தது. ஆகவே பாட்டா இல்லையா என்று துப்பறிவதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். பாட் பிரவுசரை நடிக்கும், ஆனால் கேஷ் ஆன் டெலிவரிக்குக் கதவைத் திறந்து காசு கொடுக்காது.

ஜிஏ4-ல எங்கேஜ்மென்ட் 70 சதவீதம் காட்டுது, அப்ப நல்ல டிராஃபிக்தானே?

10 நொடி இருந்தாலே ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) அதை ‘ஈடுபாடுள்ள வருகை’ என்று எண்ணிவிடும். இரண்டு பக்கம் பார்த்தாலும் அப்படித்தான். புரோகிராமுக்குப் பத்து நொடி காத்திருப்பது ஒரு வேலையா? தெரிந்த பாட்டுகளை ஜிஏ4 தானாகவே கழித்துவிடுகிறது என்பது உண்மை, ஆனால் அவை பட்டியலில் ஏறிய பாட்டுகள். இந்த எண் ரொம்பக் குறைந்தால் கவலைப்படுங்கள், அதிகமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

ஆள் நிஜம்தான், ஆனா வந்த வேகத்துல போயிடறாங்க. இதையும் மோசடின்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. கேம் ஆப்பில் மூடும் குறியைத் தேடி விரல் தவறிய ஆள், ‘டவுன்லோட்’ என்று நினைத்து உங்கள் விளம்பரத்தை அமுக்கிய ஆள், அப்பா போனில் கார்ட்டூன் பார்க்கும் நாலு வயசுக் குழந்தை, எல்லோரும் நிஜம்தான். வாங்க வந்தவர்கள் இல்லை, அவ்வளவே.

பாட்டும் இதுவும் ரிப்போர்ட்டில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும், மருந்துதான் வேறு. இதில் முதலில் ஆப்களை மொத்தமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தேடல் சொற்களை இறுக்குங்கள். ‘இலவசம்’ என்ற வார்த்தை விளம்பரத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகும் ஒரு சப்-ஐடி அப்படியே இருந்தால், மேலே சொன்ன கிளிக் கணக்குப்படி வெட்டுங்கள்.

ஃபார்ம் நிறைய நிரம்புது சார், போன் பண்ணா ஒருத்தரும் எடுக்கலை.

டியூஷன், இன்சூரன்ஸ், வீட்டுமனை விற்பவர்களின் நிரந்தரப் புலம்பல் இது. பொருள் விற்பவர்களுக்கு ஆர்டரே சாட்சி. உங்களுக்கு ஃபார்ம்தான் சாட்சி, அதைப் போலியாக நிரப்புவது சுலபம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஃபார்மில் வையுங்கள். மனுஷன் அதை நிரப்ப மாட்டான், பாட் நிரப்பிவிடும். பக்கம் திறந்து மூன்று நொடியில் ஏழு கட்டங்களும் நிரம்பியிருந்தால் அதையும் ஒதுக்குங்கள். ஓடிபி வைத்தால் லீட் (ஃபார்மில் வரும் விசாரணை) எண்ணிக்கை குறையும், ஆனால் குறைவது பெரும்பாலும் குப்பை.

முக்கியமானது இதற்குப் பின்னால்தான். லீட் ஷீட்டில் பெயர், நம்பர் பக்கத்தில் சப்-ஐடி, கிளிக் ஐடி என்று இரண்டு பத்தி சேருங்கள். போன் செய்யும் பெண் ‘எடுத்தார்’, ‘ராங் நம்பர்’, ‘வருவதாகச் சொன்னார்’ என்று குறிக்க இன்னொரு பத்தி. ஒரு வாரத்தில் எந்தச் சப்-ஐடியில் ராங் நம்பர் குவிகிறது என்று வண்ணம் அடித்தது போலத் தெரியும். நெட்வொர்க்குக்குப் போஸ்ட்பேக், அதாவது ‘இந்தக் கிளிக் பலன் தந்தது’ என்ற தகவல், அனுப்புவதாக இருந்தால், ஃபார்ம் நிரம்பிய உடனே அனுப்பாதீர்கள். போனை எடுத்த லீட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். எதற்குச் சபாஷ் சொல்கிறீர்களோ அதைத்தான் அவர்களுடைய சிஸ்டம் இன்னும் அதிகமாகக் கொண்டுவந்து கொட்டும்.

சந்தேகமான ஐபியை எல்லாம் பிளாக் பண்ணிட்டா முடிஞ்சுதே?

டேட்டா சென்டர் ஐபி என்றால் செய்யலாம். மொபைல் ஐபியில் கை வைக்காதீர்கள். நம் ஊர் மொபைல் இணையத்தில் ஏராளமான பேர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். ஒரு கெட்டவனைத் தடுக்கப் போய் ஒரு தெருவையே அடைத்துவிடுவீர்கள். தவிர, உங்கள் சர்வரில் தடுத்தால் பக்கம்தான் திறக்காது, கிளிக்குக்கான காசு ஏற்கெனவே போயிருக்கும். சப்-ஐடியை நெட்வொர்க் பக்கத்திலேயே தடுப்பதுதான் வழி.

காசைத் திரும்பக் கேட்டா தருவாங்களா?

பெரிய கம்பெனிகளே வழக்குக்குப் பிறகுதான் இறங்கி வந்தன. 2006-ல் லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற கடை முன்னின்று தொடுத்த வழக்கில் கூகுள் 9 கோடி டாலர் வரை தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. விளம்பரதாரர்களுக்குக் கிடைத்தது பணமல்ல, விளம்பரக் கிரெடிட், அதாவது அடுத்த விளம்பரங்களில் கழித்துக்கொள்ளும் தொகை. சின்ன நெட்வொர்க்கும் பெரும்பாலும் கிரெடிட்தான் தரும், அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால்தான். டெபாசிட் போடுவதற்கு முன்னாலேயே அந்த விதியைப் படித்துவிடுங்கள். முதல் டெபாசிட் அவர்கள் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகையாகவே இருக்கட்டும்.

‘உங்க டிராஃபிக் மோசம்’ என்று எழுதினால் ‘உங்க பக்கம் மோசம்’ என்று பதில் வரும். கிளிக் ஐடி, நேரம் (எந்த நாட்டு நேரம் என்றும்), ஐபி, பிரவுசர், சப்-ஐடி என்று வரிசையாக ஒரு ஷீட் அனுப்புங்கள். முப்பது நொடிக் கடிகாரப் பட்டியலை நான் அப்படித்தான் அனுப்பினேன். இரண்டு நாளில் கிரெடிட் வந்தது, சண்டையே இல்லை.

முதல் ரெண்டு வாரம் அருமையா இருந்துது, மூணாவது வாரம் படுத்துடுச்சு. என்னாச்சு?

பட்ஜெட்டை ஏற்றினீர்களா? அநேகமாக ஆமாம் என்பார்கள். நல்ல சோர்ஸில் ஒரு நாளைக்கு இத்தனை கிளிக்தான் உண்டு. நீங்கள் இரட்டிப்பாகக் கேட்டால் நெட்வொர்க் வாலில் இருக்கும் சோர்ஸ்களை அவிழ்த்துவிடும். சொசைட்டியில் பால் பத்தாத நாளில் என்ன நடக்குமோ அதேதான். புதுக் கஸ்டமருக்கு முதலில் நல்லதாகக் காட்டுவோம் என்று வேண்டுமென்றே செய்பவர்களும் இருக்கலாம், நிரூபிக்க முடியாது.

பட்ஜெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். திங்கட்கிழமைதோறும் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: போன வாரம் இல்லாத புதுச் சப்-ஐடிகளிலிருந்து எத்தனை சதவீதக் கிளிக் வந்திருக்கிறது? அது திடீரென்று எகிறினால் ஏதோ திறந்துவிட்டிருக்கிறார்கள். நீங்கள் வெட்டிய சோர்ஸ் புது எண்ணோடு திரும்பி வருவதும் உண்டு. அதே பிரவுசர் கலவை, அதே நேர வடிவம் என்றால் பழைய ஆள்தான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

சின்ன நெட்வொர்க்ல பார்த்துட்டு, அப்புறம் கூகுள்ல கடை பேரைத் தேடி வாங்குறாங்க. கணக்கு கூகுளுக்குப் போயிடுதே?

இதுவரை வந்த கேள்விகளிலேயே நியாயமான கேள்வி இதுதான். கடைசிக் கிளிக்குக்கே ஆர்டர் என்று வைத்தால் சின்ன நெட்வொர்க்குக்கு அநியாயம் நடக்கும். முதல் கிளிக்குக்கு என்று வைத்தால், எப்படியும் வாங்க இருந்தவரின் கிளிக்கை முன்னாலேயே பறித்துக்கொண்டவன் பெயர் தட்டிச் செல்வான். வந்தவரை நினைவில் வைக்கப் பிரவுசரில் போடும் குக்கீயை நம்பியும் பயனில்லை, ஸ்கிரிப்ட் வைத்த குக்கீயை சஃபாரி ஏழு நாளில் அழித்துவிடும்.

நான் செய்வது பழைய வழி: நிறுத்திப் பார்ப்பது. இரண்டு வாரம் ஓடவிட்டு, இரண்டு வாரம் நிறுத்தி, மறுபடி இரண்டு வாரம் ஓடவிட்டு, கடையின் மொத்த ஆர்டரைப் பார்ப்பேன். எந்த நெட்வொர்க் என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டேன். நிறுத்திய வாரங்களில் மொத்தம் அசையவே இல்லை என்றால், ரிப்போர்ட்டில் காட்டிய ஆர்டர்கள் எப்படியும் வந்திருக்க வேண்டியவை. ஊர்வாரியாகப் பிரித்தும் சோதிக்கலாம் என்பார்கள். ஆனால் மொபைல் இணையத்தில் மதுரைக்காரர் சென்னையில் இருப்பதாகக் காட்டும், அதனால் மாவட்ட அளவில் அது வேலைக்கு ஆகாது. மாநில அளவில் பிரித்தால் ஓரளவு சரி வரும். ஒன்று, இதைத் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலோ ஆடித் தள்ளுபடி சமயத்திலோ செய்யாதீர்கள். அப்போது எதை நிறுத்தினாலும் ஆர்டர் ஏறும்.